இல்லாத இரண்டு பேர்

சாமக்காட்டுப்பட்டி, அரியூர் நாடு, கொல்லிமலை
6 அக்டோபர் 2024

ரமேசு,

கோகிலாவைக் கொன்றது நீ எழுதிய புரோகிராம்.

நானாக இதைக் கண்டுபிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போனில் நீயே சொன்னாய். "அக்கா, லிஸ்ட்டு ரெண்டு ஆள் தள்ளிப் போயிருக்குது. கோகிலா ரிசல்ட்டு வேற ஆளுக்குப் போயிருச்சு" என்று அழுதாய். மறுநாள் காலையில் கேட்டால், "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்? டியூப்பு மாறியிருக்கலாம்னுதான் சொன்னேன்" என்கிறாய். அதனால்தான் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். இனிமேல் காகிதத்தில் எழுது. பேசியதை இல்லை என்று சொல்லலாம். எழுதியதைச் சொல்ல முடியாது.

மாமன் மகள் சாவுக்கு நீ வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். சாயங்காலம் வலி எடுத்தது. ஜீப் கிடைத்துக் கிளம்பும்போது இருட்டிவிட்டது. மலை இறங்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். பிள்ளை அழுதது, கோகிலா சிரித்தாள். அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. காரவள்ளி அடிவாரத்துக்கு வரும்போது என் மடியில் அவள் கை சில்லிட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேமலதா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உடம்புல ரத்தமே இல்லையேம்மா. மாசமா இருக்கற பொண்ணு, யாரும் டெஸ்ட் பண்ணலையா?" அவள் புருஷன் சின்னராசு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். சித்திரையில் ரத்தசோகை டெஸ்டுக்கு ஊர் ஊராக நாங்கள் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் சீட்டு. நார்மல் என்று இருந்தது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சீட்டை அவளுக்குக் கொடுத்தது நான். ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் உட்காருகிறாள், மூச்சு வாங்குகிறது என்று சொன்னாள். "ரத்தம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, உனக்குச் சோம்பேறித்தனம்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். "எங்க மாமன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றாரு, தப்பா இருக்குமா?" என்றாள். நீதான் அந்த மாமன். சின்ன வயதில் உன்னைக் கேலி செய்தே ஓட விட்டவள், கடைசியில் உன் கணக்கை நம்பினாள்.

இப்போது சின்னராசு ஊரெல்லாம் சொல்கிறான், பானுமதி டியூபை மாற்றிவிட்டாள் என்று. எங்கள் சூப்பர்வைசர் அர்த்தனாரியும் அதையே சொல்கிறார். "ஏம்மா, ஒரு வரிசையா நிக்க வெச்சு ரத்தம் எடுக்கத் தெரியாதா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரியும்படி எழுது.

பானுமதி

---

சென்னை
15 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

டைப் அடித்து அனுப்புகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். நீங்கள் எடுத்த டியூபில் ஆள் பெயர் கிடையாது. லேப் கொடுத்த வரிசை எண் மட்டும்தான். எந்த டியூப் எந்த ஊரில் எத்தனையாவது ஆளுடையது என்று பிறகு சேர்த்தது நான். ஆர் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி, புள்ளிவிவரக் கணக்குக்கு உள்ளது. ஊர்களின் வரிசையும் ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேர் என்பதும் அதற்குக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றிலிருந்து எண் போட்டு, எல்லா வரிசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கொடுத்துவிடும். ஒரு ஊரில் மூன்று பேர், அடுத்த ஊரில் இரண்டு பேர் என்றால் 1, 2, 3, 1, 2. அதை டியூப் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. மலை முழுக்க ஒரே வரியில் எழுதிவிடலாம். நானும் ஒரே வரியில்தான் எழுதினேன். "ஒன்றிலிருந்து இத்தனை வரை எண்ணு" என்று.

நம் ஊர் மட்டும்தான் அதில் பூஜ்யம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள், யாருக்கும் ரத்தம் எடுக்கவில்லை. ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை எண்ணு என்றால் அது சும்மா இருக்கும் என்று நினைத்தேன். அது சும்மா இருக்காது. மேலே போக வழியில்லை என்றால் பின்னால் இறங்கும். 1, 0 என்று எண்ணும். ஆள் இல்லாத ஊருக்கு இரண்டு ஆள் வந்துவிட்டார்கள். நமக்கு அடுத்து எடுத்தது கோகிலா இருந்த குட்டைவளவு. அந்த ஊரில் வரிசையில் முதலில் நின்ற இரண்டு பேரின் ரத்தம் நம் ஊர்க் கணக்குக்குப் போனது. மூன்றாவது ஆளின் ரத்தம் முதல் ஆளுக்கு. அப்படியே கடைசி வரை. கோகிலாவுக்கு இரண்டு ஆள் முன்னால் யார் நின்றார்களோ, அவர்களுக்குத்தான் கோகிலாவின் ரிசல்ட் போயிருக்கும்.

அந்த மாதிரி இடத்துக்கென்றே வேறு கட்டளை இருக்கிறது. பூஜ்யம் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. எனக்கும் தெரியும். அன்று கையில் வந்தது இதுதான்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரண்டு எண்கள் டியூப் இல்லாமல் மீந்து நின்றன. சசிகுமார் சார், எங்கள் டீம் தலைவர், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அன்று மாலை ரிப்போர்ட் போக வேண்டும். "ரெண்டு டியூப் வழியில உடைஞ்சிருக்கும்பா, வெட்டிட்டு அனுப்பு" என்றார். வெட்டினேன். வெட்டியதும் எல்லாம் சரியாகப் பொருந்தியது.

அக்கா, ஒன்று சொன்னால் கோபிக்காதே. ஆள் இல்லாத ஊரைப் பட்டியலில் எழுதாமல் விடுவதுதான் வழக்கம். நீ அந்த இடத்தில் பூஜ்யம் என்று எழுதாமல் விட்டிருந்தால் இது நடந்திருக்காது. குற்றம் சொல்லவில்லை. ஒருத்தர் செய்த தப்பு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நானும் இங்கே கான்ட்ராக்ட்தான். சேர்ந்த புதிதில் சசிகுமார் சார் எல்லோரிடமும் என்னை எப்படி அறிமுகப்படுத்தினார் தெரியுமா? "கொல்லிமலைல இருந்து மூலிகைதான் வரும்னு நெனச்சோம், புரோகிராமர் வந்திருக்கான்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்தத் தப்பு வெளியே வந்தால் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். நம் மலையிலிருந்து அடுத்து ஒரு பையன் இந்தக் கதவைத் தட்ட முடியாது.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். ஜனங்கள் மறந்துவிடுவார்கள்.

ரமேஷ்

---

சாமக்காட்டுப்பட்டி
22 அக்டோபர் 2024

ரமேசு,

கடிதம் வந்தது. பெயரைக்கூட டைப் அடித்திருக்கிறாய். அடுப்பில் போடவில்லை.

பூஜ்யம் ஏன் எழுதினேன் என்று கேட்டுக்கொள். ஊசி, பஞ்சு, டப்பா எல்லாம் தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்து நின்றோம். கருப்பண்ணன் மாமா, ஊர்க்கவுண்டர் என்கிற முறையில், எதிரே வந்து நின்றுகொண்டார். "காப்புக் கட்டியாச்சு கண்ணு. கோழிகூட அறுக்கறதில்ல. ஒரு சொட்டு ரத்தம் மண்ணுல விழக் கூடாது. சாமி எறங்கினதும் வா, மொத ஆளா நானே கை நீட்டறேன்" என்றார். எனக்கு இது தெரியாதா? தேதி போடும்போதே அர்த்தனாரியிடம் சொன்னேன். ஏனுங்க சார், அந்த வாரம் எங்க ஊர் நோம்பிங்க, வேற நாள் போடுங்க என்று. "வண்டி அந்த வாரத்துக்குத்தாம்மா வாடகைக்குப் பேசியிருக்கு, உங்க சாமிக்காக எல்லாம் மாத்த முடியாது" என்றார்.

அன்று சாயங்காலம் பட்டியல் எழுதும்போது, "அந்த ஊரை விட்டுடும்மா, எழுத வேண்டாம்" என்றார். நான் எழுதினேன். எழுதாமல் விட்டால் அப்படி ஒரு ஊர் இருப்பதே யாருக்கும் தெரியாது. பூஜ்யம் என்று எழுதினால், படிக்கிற எவனாவது ஏன் என்று கேட்பான், திரும்ப வண்டி அனுப்புவான் என்று நினைத்தேன். படிக்கிறவன் என் தம்பி என்று வேறு சந்தோஷம். அது உன் ஊர். சித்திரையில் ஏன் பூஜ்யம் என்று உலகத்தில் வேறு எவனுக்கும் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். அதைத்தான் நீ ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னாய்.

கோகிலாவுக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றது பொன்னாயி பெரியம்மா. ரிசல்ட் வந்ததும் அவளை ஜீப்பில் ஏற்றி நாமக்கல் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? சாமைக் காட்டில் களை வெட்டிக்கொண்டு இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனோம். "எனக்கு ரத்தமே இல்லைங்கறீங்க, அப்பறம் உங்க ஆஸ்பத்திரிக் கொசு ராத்திரியெல்லாம் எதையடி குடிக்குது?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. அது கோகிலாவுக்கு ஏற வேண்டிய ரத்தம். நேற்று அவள் வீட்டுப் பக்கம் போனேன். களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதுவோ புரிந்திருக்கிறது.

சின்னராசு என் வீட்டுத் தண்ணீரைத் தொடுவதில்லை. மாமன் வீட்டில் பிள்ளைக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறார்கள். பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "எடுத்த ரத்தம் போதும், போ" என்கிறார்கள். அதை விடு. அது என் பாடு.

நீ ஒரு விஷயம் எழுதவே இல்லை. கடைசி வரை அப்படியே என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். கடைசி வரை என்றால் யார்? நம் ஊருக்குப் பிறகு குட்டைவளவு, அதற்கும் பிறகு பெரக்கரை நாட்டில் எடுத்த ஊர்கள் எல்லாம். அவர்கள் எல்லோரும் வேறு ஆளின் ரத்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அதில் வயிற்றில் பிள்ளையோடு யார் இருக்கிறார்கள்? நீ திருத்திப் பார்த்திருப்பாய். பார்க்காமல் உன்னால் தூங்க முடியாது, உன்னை எனக்குத் தெரியும்.

சரியான ரிசல்ட்டை ஆபீசுக்கு அனுப்பு. உன் பெயர் போட்டு அனுப்பு.

பானுமதி

---

சென்னை
5 நவம்பர் 2024

அக்காவுக்கு,

திருத்திப் பார்த்தேன். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், எல்லாம் இரண்டு இடம் நகர்ந்து சரியான ஆளிடம் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்தபிறகு நான் கழிவறையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சசிகுமார் சாரிடம் சொன்னேன். நான் சொல்லவே இல்லை என்று நினைக்காதே. கதவைச் சாத்தச் சொன்னார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "பீல்டுல தப்புன்னா மறுபடி டெஸ்ட் எடுப்பாங்க. நம்ம புரோகிராம்ல தப்புன்னா கேஸ் வரும், இருக்கற வேலை அத்தனையும் போகும், யாரும் யாருக்கும் மறுபடி டெஸ்ட் எடுக்க மாட்டாங்க. இதுல உங்க ஊர்க்காரங்களுக்கு எது நல்லது, நீயே சொல்லு ரமேஷ்" என்றார். நீ இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாய்.

மொத்தப் பட்டியலையும் வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் யார் எடுத்தது என்று தெரிந்துவிடும். ஒரு பெயர் மட்டும் எழுதுகிறேன். பெரக்கரை நாட்டில், மிளகுக்காட்டு வளவில், அருணா என்று ஒரு பெண். சித்திரையிலேயே கோகிலா அளவுக்கு ரத்தம் குறைவு. சீட்டில் நார்மல் என்று போயிருக்கிறது. போன மாதம் கர்ப்பிணிப் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தேன். மற்றவர்கள் பொறுப்பார்கள். அவள் பொறுக்க மாட்டாள்.

நீ போய்ச் சொல். எப்படித் தெரியும் என்று கேட்டால் முகத்தைப் பார்த்தே தெரிந்தது என்று சொல். என் பெயர் வேண்டாம்.

ரமேஷ்

---

சாமக்காட்டுப்பட்டி
14 நவம்பர் 2024

ரமேசு,

போனேன். மழையில் பஸ் சோளக்காட்டோடு நின்றுவிட்டது, அங்கிருந்து நடந்தேன். மிளகுக்காட்டு வளவில் அருணாவின் வீடு கடைசி வீடு. வெளியே உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டு இருந்தாள். நாலு தடவை புடைப்பாள், முறத்தை மடியில் வைத்து இளைப்பாறுவாள். உதடு வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. நீ எழுதாவிட்டாலும், முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவள்தான் நான். கோகிலா விஷயத்தில் முகத்தை விட்டுவிட்டு உன் சீட்டை நம்பினேன்.

"கண்ணு, ஒரு தடவை கீழ போய் ரத்தம் பாத்துட்டு வந்துரலாம், வா" என்றேன். அவள் எழுந்துவிட்டாள். வந்திருப்பாள். உள்ளேயிருந்து மாமியார் வந்தாள். "நீ எந்த ஊரு?" என்றாள். சொன்னேன். "அரியூர் நாட்டுல அந்தப் புள்ளைய கொன்ன பானுமதியா நீ?" என்றாள். முகம் பார்த்துக் கேட்டாள், ரமேசு. திட்டவில்லை. ஊர் பேர் கேட்பது மாதிரி கேட்டாள். அப்புறம் அருணாவின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ரத்தம் எடுத்தவளுங்கதான் சாவடிச்சாளுங்க. இனி எவ ஊசி தூக்கிட்டு வந்தாலும் நாயை அவுத்து விடு."

டாக்டர் ஹேமலதாவிடம் போனேன். "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா, இப்பவே பாக்கறேன். வரலைன்னா நான் என்னம்மா பண்ண? ஆபீஸ் ரிசல்ட் நார்மல்ங்குது, நான் எதை வெச்சு வீடு தேடிப் போறது?" என்றார். நல்ல அம்மாதான். அவரிடமும் உன் பெயரைச் சொல்லவில்லை.

அப்புறம் அர்த்தனாரி. எல்லா ஊருக்கும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், ஊர்க்கவுண்டர்களைக் கூட்டி வைத்துப் பேசி, டாக்டரே வண்டியில் வந்தால்தான் ஜனங்கள் கை நீட்டுவார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே மேசைமேல் ஒரு தாளை வைத்தார். ரத்தம் எடுத்தபோது என் கவனக்குறைவால் டியூப்கள் வரிசை மாறிவிட்டன என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர். "இதுல கையெழுத்துப் போடு, அடுத்த வாரமே வண்டி வரும். ஏதோ ஒரு காரணம் காட்டாம மேல இருக்கறவங்க பணம் ஒதுக்க மாட்டாங்கம்மா" என்றார்.

நீ எழுதினதுதான் சரி. உன் சாருக்கும் எங்கள் சாருக்கும் ஒரே வாய்.

இப்போது கணக்கு எளிது. நீ கம்ப்யூட்டர் படித்தவன், சட்டென்று புரியும். இரண்டில் ஒரு கையெழுத்து விழுந்தால்தான் அருணா வீட்டுக்கு வண்டி போகும். டியூபை மாற்றியவள் பானுமதி என்று ஒன்று. எண்ணைத் தப்பாகப் போட்டவன் ரமேஷ்குமார் என்று ஒன்று. உன் கடிதத்தைக் கொண்டுபோய் நான் காட்டலாம். டைப் அடித்த தாளில் எவன் வேண்டுமானாலும் ரமேஷ் என்று போடலாம் என்பார்கள். அதோடு, தம்பியைக் காட்டிக் கொடுத்தாள் என்கிற பேரும் சேரும். அது எனக்கு வேண்டாம். நீயாகச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஏழாவது மாதம். எந்தக் கையெழுத்து என்று எழுது.

பானுமதி

---

சென்னை
20 நவம்பர் 2024

அக்கா,

உன்னுடையது.

இதை எத்தனை தடவை அடித்து அழித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். யோசித்துப் பார். நான் ஒப்புக்கொண்டால் விசாரணை, வக்கீல், ஆறு மாதம் ஓடும். அதுவரை வண்டி வராது. அருணா தாங்க மாட்டாள். நீ போட்டால் அடுத்த வாரம் வண்டி வரும். உனக்கு அதிகம் போனால் தற்காலிக வேலை போகும். எனக்குப் போனால் எல்லாம் போகும்.

வேலை நிரந்தரமானதும் நானே வந்து எல்லோரிடமும் சொல்கிறேன். சத்தியம்.

ரமேஷ்

---

சாமக்காட்டுப்பட்டி
12 ஜனவரி 2025

ரமேசு,

போட்டுவிட்டேன். உனக்காக இல்லை.

டிசம்பர் முதல் வாரம் வண்டி வந்தது. டாக்டர் ஹேமலதா அதில் வந்தார். பெரக்கரை நாட்டு ஊர்க்கவுண்டர் முதலில் சட்டைக் கையை மடித்து நீட்டினார், பிறகு மற்றவர்கள் நீட்டினார்கள். அருணாவை அன்றைக்கே நாமக்கல் கொண்டு போனார்கள். மார்கழிக் கடைசியில் பிள்ளை பிறந்தது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இது எல்லாம் நான் கேள்விப்பட்டது. வண்டி நம் ரோட்டு வழியாகப் போனபோது நான் கிழங்குக் காட்டில் நின்றுகொண்டு இருந்தேன். என்னை ஏற்றக் கூடாது என்று உத்தரவாம்.

நான் கையெழுத்துப் போட்ட சேதி எனக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. சின்னராசு அதைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். அர்த்தனாரி கொடுத்திருப்பார். ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாமன் வந்திருந்தார், மருமகள் என்று ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. கருப்பண்ணன் மாமாதான் கேட்டார்.

"நீ போட்ட கையெழுத்துத்தானா சாமி இது?"

"ஆமாங்க."

"எழுதியிருக்கறது நெசந்தானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிஜம் என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. சின்னராசு எழுந்தான். கத்துவான் என்று நினைத்தேன். "அவ உன்னை அக்கா அக்கான்னுதான கூப்பிட்டா" என்றான். அவ்வளவுதான் பேசினான். உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான், யாரோ கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

தீர்ப்பு இது. வரும் சித்திரையில் காப்புக் கட்டியதிலிருந்து சாமி இறங்கும் வரை நான் ஊருக்குள் இருக்கக் கூடாது. கையில் ரத்தம் உள்ளவள் இருந்தால் காப்பு நிற்காதாம். பொங்கல் பானை எங்கள் வீட்டிலிருந்து வரக் கூடாது. அம்மா வைக்கலாமா என்று கேட்டேன். என்னோடு ஒரே அடுப்பில் சமைக்கிறவள், அவளும் வைக்கக் கூடாது என்றார்கள். மிளகு பறிக்கக் கூலிக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

இன்னொன்று கேள். உனக்குப் பிடித்த கணக்கு இது. வண்டி எல்லா ஊருக்கும் போனது, நம் ஊருக்கு வரவில்லை. ஆபீசுக்குப் போய் வெளியே நின்றே அர்த்தனாரியிடம் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமக்காட்டுப்பட்டில போன தடவையே ரெண்டு பேருக்கு எடுத்திருக்கும்மா. ரெண்டும் நார்மல். உங்க ஊரு நல்ல ஊருன்னு விட்டுட்டாங்க." எங்கள் ஊரில் யாருக்குமே எடுக்கவில்லை சார் என்றேன். "அப்ப இந்த ரெண்டு பேர் யாரு? நீ தானே எடுத்தே?" என்றார்.

டியூபை மாற்றியவள் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? இந்த ஊரில் இன்றுவரை ஒருத்தருக்கும் ரத்தம் பார்க்கவில்லை. இல்லாத இரண்டு பேருக்குப் பார்த்தாயிற்று, இருக்கிறவர்களுக்குப் பார்க்க வேண்டியதில்லை. அம்மா இப்போதெல்லாம் கிழங்குக் காட்டில் பாதி வரப்பில் உட்கார்ந்துவிடுகிறாள். கீழே கூட்டிப் போகலாம் என்றால், "நீ கூட்டிட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா?" என்கிறாள்.

உன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மாவுக்கு நீ அனுப்பிய இனிப்பு டப்பா சொன்னது. வா.

பானுமதி

---

சாமக்காட்டுப்பட்டி
30 மார்ச் 2025

ரமேசு,

பொங்கலுக்கு முன்னால் எழுதியதற்குப் பதில் இல்லை. நம்பரையும் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. ஒருநாள் உன் சசிகுமார் சார் எடுத்தார். ரமேஷ் மீட்டிங்கில் இருக்கிறார், நீங்கள் யார் என்றார். சாமக்காட்டுப்பட்டியில் ஒருத்தி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா மறுபடி விழுந்தாள். பொன்னாயி பெரியம்மாதான் தூக்கி உட்கார வைத்தாள். இத்தனை மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். போகும்போது வாசலில் நின்று, "எம் மேல ஏத்தின ரத்தத்தைத் திருப்பி எடுக்க முடியும்னா எடுத்து உங்கம்மாளுக்குப் போடுடி" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் இனி உன் கம்பெனிக்கு எழுதச் சொல்லவில்லை. கோர்ட், வக்கீல், பேப்பர் எதுவும் வேண்டாம். உன் வேலையை நீயே வைத்துக்கொள். நான் கேட்பது ஒன்றுதான். சித்திரை பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டுகிறார்கள். அன்று மத்தியானத்துக்குள் நான் ஊரைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். கட்டிய பிறகு வெளியூர்க்காரனும் உள்ளே வர முடியாது. நீயும் இப்போது வெளியூர்க்காரன்தான், அதனால் அதற்கு முன்னால் வா.

செம்மேட்டிலிருந்து காலையில் வரும் முதல் பஸ்ஸில் வா. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் நான் என் துணிமூட்டையோடு நிற்பேன். கருப்பண்ணன் மாமாவை வரச் சொல்லியிருக்கிறேன். சின்னராசுவிடமும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன். வருகிறான், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறான். எதற்கு என்று கேட்டான், ரமேசு வந்து சொல்லுவான் என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கு. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார். நம் ஊரில் ரத்தம் எடுத்த இரண்டு பேர் யார் என்று எல்லோர் முன்னாலும் உன் வாயால் சொல்.

பானுமதி